கணக்கு கேட்கும் எலும்புக்கூடு

கேள்வி: ஒன்பது வயது மகனுக்காகக் கணக்கு சொல்லித்தரும் வீடியோ கேம் ஒன்றைப் பணம் கட்டி வாங்கினேன். ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் ஐந்து கணக்குகள் வருகின்றன. அவன் எதையாவது அழுத்தித் தள்ளிவிட்டு அடுத்த கட்டத்துக்கு ஓடுகிறான். குறை பிள்ளையிடமா, கேமிலா?

பதில்: கேமில்தான். பிள்ளையைத் திட்டாதீர்கள். எது ஆட்டம், எது அபராதம் என்று அவன் கண்டுகொண்டுவிட்டான்.

நானும் இந்தத் தவறைச் செய்தவன். சந்திப் பிழையை ஒழிக்கிறேன் பேர்வழி என்று முன்பு ஒரு கேம் தயாரித்தேன். பூட்டிய கதவு திறக்க வேண்டுமானால் வல்லினம் மிகுமா, மிகாதா என்று சொல்ல வேண்டும். முதலில் ஆடிய சிறுமி மூன்றே நிமிடத்தில் சூட்சுமத்தைப் பிடித்துவிட்டாள்: 'மிகும்' பொத்தானையே விடாமல் அழுத்தினால் பாதிக் கதவுகள் திறந்துவிடும், மீதிக்கு அடுத்த பொத்தான். சந்தி அவளுக்கு வரவே இல்லை. எனக்குப் புத்தி வந்தது.

ஜேக்கப் ஹாப்கூட், ஷாரன் எய்ன்ஸ்வொர்த் இருவரும் இங்கிலாந்தில் நடத்தி 2011இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் சோதித்தது. கேமின் பெயர் 'ஸாம்பி டிவிஷன்'. எதிரே வரும் எலும்புக்கூட்டின் மார்பில் ஓர் எண் இருக்கும். கையிலுள்ள ஒவ்வோர் ஆயுதமும் ஒரு வகுஎண். 15 வந்தால் இரண்டால் வெட்டிப் பயனில்லை. மூன்றோ ஐந்தோ வேண்டும். அதே கேமின் இன்னொரு வடிவத்தில் சண்டையிலிருந்து எண்களை எடுத்துவிட்டு, கட்டத்தின் முடிவில் வினாடி வினாவாக வைத்தார்கள், உங்கள் கேமைப் போல. இரு தரப்புக்கும் ஒரே நேரம்தான் கொடுக்கப்பட்டது. எண்ணோடு சண்டையிட்ட பிள்ளைகளே கூடுதலாகக் கற்றார்கள். எதை வேண்டுமானாலும் ஆடுங்கள் என்று விட்டபோது, எண்ணோடு சண்டையிடும் வடிவத்தில் ஏறக்குறைய ஏழு மடங்கு நேரம் செலவிட்டார்கள்.

அடுத்த முறை பணம் கட்டுமுன் ஒன்றைப் பாருங்கள். கணக்கை உருவி எடுத்தாலும் ஆட்டம் குறையில்லாமல் நடக்கிறதா? நடந்தால் வாங்காதீர்கள்.

கேள்வி: வீடியோ கேம் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்யப் போகிறேன் என்றேன். வீட்டில் சிரிக்கிறார்கள்.

பதில்: என் வீட்டிலும் சிரித்தார்கள். கேம் ஆய்வாளர் எஸ்பென் ஆர்செத் 2001இல் 'கேம் ஸ்டடீஸ்' ஆய்விதழைத் தொடங்கியபோது, அந்த ஆண்டையே இத்துறையின் முதல் ஆண்டு என்று எழுதினார். ஆகவே துறைக்கு வயது குறைவுதான்.

சிரிப்பவர்களிடம் 2005 செப்டம்பரில், பலர் இணையத்தில் சேர்ந்து ஆடும் 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' கேமில் பரவிய கொள்ளைநோயைச் சொல்லுங்கள். கேமின் ஒரு தனிப்பகுதிக்குள் மட்டும் இருக்க வேண்டிய 'கெட்ட ரத்தம்' என்ற நோய், ஆட்டக்காரர்களின் வளர்ப்பு விலங்குகள் வழியாக நகரங்களுக்கு வந்துவிட்டது. சிலர் ஓடினார்கள், சிலர் வைத்தியம் பார்க்க வந்தார்கள், சிலர் வேண்டுமென்றே கூட்டத்துக்குள் போய்ப் பரப்பினார்கள். நிஜக் கொள்ளைநோயில் மனிதர்கள் எப்படி நடந்துகொள்வார்கள் என்பதை அறிய இது உதவும் என்று 2007இல் 'தி லான்செட் இன்ஃபெக்‌ஷியஸ் டிசீசஸ்' மருத்துவ இதழிலேயே கட்டுரை வந்தது. அதற்குப் பிறகும் சிரித்தால், சிரிக்கட்டும்.

கேள்வி: துப்பாக்கிச் சண்டை கேம் ஆடினால் மூளை கூர்மையாகும் என்கிறான் என் தம்பி. உண்மையா?

பதில்: பாதி. ஷான் கிரீன், டாஃப்னி பாவெலியே இருவரும் 2003இல் 'நேச்சர்' இதழில் காட்டியது பார்வைக் கவனம் பற்றி: திரையில் சிதறித் தோன்றுபவற்றை, விரைவான சண்டை கேம் ஆடுபவர்கள் மற்றவர்களைவிட நன்றாகக் கவனித்தார்கள். மதிப்பெண்ணைப் பற்றி அதில் பேச்சே இல்லை. தம்பியைப் புத்தகத்தை எடுக்கச் சொல்லுங்கள்.