ஓடும் பைக் அடிக்கடி நின்றுபோவது ஏன்?

பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஒழுங்காக ஓடிய பைக் தானாக அணைந்து, சற்று நேரம் கழித்து ஒன்றும் நடவாததுபோல ஸ்டார்ட் ஆனால், முதலில் பார்க்க வேண்டியது பெட்ரோல் டேங்க் மூடியிலுள்ள காற்றுத்துளையை. கார்புரேட்டர் (பெட்ரோலைக் காற்றுடன் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் பாகம்) உள்ள வண்டிகள் பலவற்றில் பெட்ரோல் தன் எடையாலேயே கீழே இறங்குகிறது. இறங்கிய அளவுக்குக் காற்று உள்ளே நுழையாவிட்டால் டேங்கினுள் அழுத்தம் குறைந்து, பெட்ரோல் வரத்து மெல்ல நின்றுவிடும். எண்ணெய் டின்னில் ஒரே ஒரு துளையிட்டுக் கவிழ்த்தால் எண்ணெய் திக்கித் திக்கி வருவதும், எதிர்மூலையில் இன்னொரு துளையிட்டதும் தாராளமாக ஊற்றுவதும் இதனால்தான்.

வண்டி நின்றவுடன் ஓரங்கட்டி மூடியைத் திறந்து பாருங்கள் (பக்கத்தில் நெருப்பு இருக்கக் கூடாது). ‘உஸ்’ என்று காற்று உள்ளே இழுக்கப்பட்டு, சில நொடிகளில் இன்ஜினும் உயிர்பெற்றால், துளையைத் தூசியோ துருவோ அடைத்திருக்கிறது.

ஆறியபின் ஓடுவதால் பலரும் ஸ்பார்க் பிளக்கைக் குற்றம் சொல்லி மாற்றிவிடுகிறார்கள். இந்தக் கோளாறில் வண்டியை மீண்டும் ஓடவைப்பது இன்ஜின் ஆறியது அன்று, அதற்குள் டேங்கில் மெல்லக் கசிந்து புகுந்த காற்றுதான்.