யாரிடமும் போக மாட்டேன் என்கிறானே!

கேள்வி: எனக்கு ஏழாவது மாதம். வயிற்றுப் பிள்ளையோடு பேசு என்கிறார் அம்மா. அதற்குக் கேட்குமா?

கேட்கும். சுமார் 25 வாரத்திலேயே குழந்தை சத்தத்துக்கு அசைந்து கொடுக்கும். 1980-இல் டிகாஸ்பர், ஃபைஃபர் என்ற இரு ஆய்வாளர்கள், பிறந்து மூன்று நாள்கூட ஆகாத குழந்தைகளுக்குச் சூப்பான் கொடுத்தார்கள். ஒரு விதமாகச் சப்பினால் தாயின் குரல், வேறு விதமாகச் சப்பினால் இன்னொரு பெண்ணின் குரல். பெரும்பாலான பிள்ளைகள் தாயின் குரல் வரும்படியே சப்பின. தாராளமாகப் பேசுங்கள்.

கேள்வி: என் மகனுக்கு 9 மாதம். யார் கூப்பிட்டாலும் சிரித்துக்கொண்டு போனவன், இப்போது மாமியார் தூக்கினாலே அலறுகிறான். நான் குளிக்கப் போனால் கதவடியில் உட்கார்ந்து அழுகிறான். நான் செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டேனாம்.

இந்தப் பழியைச் சுமந்துகொண்டு வராத தாயை நான் பார்ப்பதே அரிது. நீங்கள் எதையும் கெடுக்கவில்லை அம்மா. ஒரு பொம்மையை அவன் கண்ணெதிரே துண்டால் மூடிப் பாருங்கள். ஐந்து மாதத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டிருப்பான். இப்போது துண்டை இழுப்பான். கண்ணுக்கு மறைந்தாலும் பொருள் அங்கேயே இருக்கிறது என்று பிடிபட்டுவிட்டது. குழந்தைகளின் அறிவு வளர்ச்சியை ஆராய்ந்த உளவியலாளர் பியாஜே விரிவாக எழுதிய மாற்றம் இது. அதே அறிவுதான் குளியலறைக் கதவையும் தட்டுகிறது: அம்மா உள்ளே இருக்கிறாள் என்று தெரிகிறது, எப்போது வருவாள் என்று தெரியவில்லை. அந்தத் தவிப்பில்தான் அழுகிறான்.

அவன் பார்க்காத நேரமாக நழுவிப் போகாதீர்கள். "அம்மா குளிச்சிட்டு வரேன்" என்று முகம் பார்த்துச் சொல்லிவிட்டுப் போங்கள், உள்ளேயிருந்தும் குரல் கொடுங்கள். மாமியாரிடம், அவனைச் சட்டென்று தூக்காமல், உங்கள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து ஒரு கிண்ணத்தை உருட்டச் சொல்லுங்கள். அவனாகவே தவழ்ந்து வரட்டும். இரண்டு வயதுக்குப் பிறகு பெரும்பாலும் தணிந்துவிடும்.

கேள்வி: மகளுக்கு 14. எப்போதும் அறைக்கதவு சாத்தியே இருக்கிறது. என்ன கேட்டாலும் "ஒண்ணுமில்ல".

'நான் யார்' என்று தேடும் வயது. கதவு சாத்துவது இயல்பு. தட்டிவிட்டு உள்ளே போங்கள். எதிரே உட்காரவைத்து விசாரிக்காதீர்கள். துணி மடிக்கும்போது பக்கத்தில் இருந்தால் தானாகவே பேசுவாள். இரவில் பேச வந்தால் தூங்கச் சொல்லி விரட்டாதீர்கள். இந்த வயதில் உடலின் தூக்க நேரமே தள்ளிப்போகிறது.

ஆனால் தோழிகளையும் விட்டு விலகி, சாப்பாடு, தூக்கம் கெட்டு இரண்டு வாரம் நீடித்தால் மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். சாவைப் பற்றிப் பேசினால் அன்றைக்கே.