இரண்டு மொழி கேட்டால் குழந்தைக்குப் பேச்சு தாமதமாகுமா?

கேள்வி: என் மகளுக்கு 20 மாதம் ஆகிறது. அம்மா, தா, காக்கா என்று ஏழெட்டுச் சொற்கள்தான் பேசுகிறாள். சொல்வது புரிகிறது, செருப்பை எடுத்து வா என்றால் எடுத்து வருகிறாள். எது வேண்டுமானாலும் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகிறாள். போனில் பாட்டு ஓடினால் ஏ, பி, சி, டி முழுவதையும் சேர்ந்து சொல்கிறாள். நான் வேலைக்குப் போவதால் பகலில் மாமியார்தான் பார்த்துக்கொள்கிறார். அவர் பேசுவது தெலுங்கு. இரண்டு மொழி குழந்தையைக் குழப்புகிறது, இனி வீட்டில் எல்லோரும் இங்கிலீஷ் மட்டும் பேசலாம் என்கிறார் என் கணவர். மாமியாரிடம் இதை எப்படிச் சொல்வது?
– கோவை வாசகி

பதில்: மாமியாரிடம் எதுவும் சொல்ல வேண்டாம், அவர் தெலுங்கிலேயே பேசட்டும். இரண்டு மொழிகளைக் கேட்டு வளர்வதால் பேச்சுத் தாமதம் உண்டாவதில்லை. அப்படிப்பட்ட குழந்தையின் சொற்களை ஒரு மொழியில் மட்டும் எண்ணினால் குறைவாகத் தோன்றும். இரண்டையும் சேர்த்து எண்ணினால் ஒருமொழிக் குழந்தைகளுக்கு இணையாகவே பெரும்பாலும் இருக்கும். நீங்கள் குறிப்பிட்டிருக்கும் சொற்கள் எல்லாம் தமிழ்ச் சொற்கள். பகல் முழுவதும் தெலுங்கு கேட்பவள் 'நீள்ளு' (தண்ணீர்), 'பாலு' (பால்) போன்றவற்றை அரைகுறையாகச் சொல்லியிருக்கலாம். மாலையில் வீடு திரும்பும் உங்கள் காதில் அவை விழாமல் போயிருக்கலாம். ஆகவே மாமியாரை அருகில் வைத்துக்கொண்டு மறுபடி எண்ணிப் பாருங்கள். உச்சரிப்பு திருத்தமாக இருக்க வேண்டியதில்லை. ஒரு பொருளுக்கு ஒரே ஒலியை மாறாமல் அவள் பயன்படுத்தினால் அது சொல்தான்.

குழந்தையின் காது மொழிகளைக் கண்டு மிரள்வதில்லை. கனடாவைச் சேர்ந்த ஜேனட் வெர்க்கர், ரிச்சர்ட் டீஸ் ஆகியோர் 1984-இல் வெளியிட்ட ஆய்வில், இந்தி ஒலிகளை அறியாத ஆங்கிலக் குடும்பங்களின் குழந்தைகளுக்கு 'ட', 'த' என்னும் இரண்டு ஒலிகளை மாற்றி மாற்றிக் கேட்கச் செய்தார்கள். நமக்குப் 'பட்டு' வேறு, 'பத்து' வேறு. ஆங்கிலம் மட்டும் அறிந்த பெரியவர்களுக்கு இந்த வேறுபாடு எளிதில் பிடிபடாது. ஆனால் 6 முதல் 8 மாதக் குழந்தைகள் அதைப் பிரித்தறிந்தன. 10 முதல் 12 மாதத்துக்குள் அந்தத் திறன் பெரிதும் மங்கிவிட்டது. தன்னைச் சுற்றிப் பேசப்படும் ஒலிகளைக் கூர்மையாக்கிக்கொண்டு மற்றவற்றை விட்டுவிடும் இந்த வேலையை, முதல் சொல் வாயில் வருவதற்கு முன்பே குழந்தை செய்துவிடுகிறது. உங்கள் மகள் அதைத் தமிழுக்கும் தெலுங்குக்கும் சேர்த்தே செய்திருப்பாள்.

உங்கள் கடிதத்தில் எனக்குக் கவலை தருவது தெலுங்கு அன்று, போன். சியாட்டில் நகரில் பட்ரீசியா கூலும் அவருடைய குழுவினரும் 9 மாத அமெரிக்கக் குழந்தைகளுக்குச் சீன மொழியைக் கேட்கச் செய்து, முடிவுகளை 2003-இல் வெளியிட்டார்கள். சீன மொழி பேசுபவர் நேரில் அமர்ந்து, பொம்மை காட்டி, புத்தகம் படித்து, 12 அமர்வுகள் பழகிய குழந்தைகள் அம்மொழியின் ஒலி வேறுபாட்டைக் கற்றுக்கொண்டன. அதே ஆட்கள் அதே விதமாகப் பேசியதைத் திரையில் பார்த்த குழந்தைகளும், ஒலிப்பதிவாகக் கேட்ட குழந்தைகளும் ஒன்றும் கற்கவில்லை. நேரில் இருப்பவர், குழந்தை எதைப் பார்க்கிறதோ அதைப் பற்றிப் பேசுகிறார். அது சிணுங்கினால் நிறுத்துகிறார், சிரித்தால் மறுபடி சொல்கிறார். திரை தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். அதனால்தான் உங்கள் மகள் சொல்லும் ஏ, பி, சி, டி-யை நான் சொற்கணக்கில் சேர்க்க மாட்டேன். 26 எழுத்துகளில் ஒன்றைக்கொண்டும் அவளால் தண்ணீர் கேட்க முடியாது. உலக சுகாதார நிறுவனத்தின் 2019 பரிந்துரைப்படி ஒரு வயதுக் குழந்தைக்குத் திரை வேண்டியதில்லை. 2 வயதானபின் நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது. சோறு ஊட்டும் நேரத்துப் போனை முதலில் நிறுத்துங்கள், அது எவ்வளவு கடினம் என்பது தெரிந்தே சொல்கிறேன்.

கடிதத்தில் இல்லாத ஒன்றையும் கேட்க வேண்டும்: அவள் விரல் நீட்டிக் காட்டுகிறாளா? அலமாரியில் இருக்கும் பிஸ்கட்டை வேண்டுமென்று காட்டுவது ஒரு வகை. மொட்டை மாடியில் ஒரு காக்கையைக் கண்டதும் விரல் நீட்டிவிட்டு, நீங்களும் பார்த்தீர்களா என்று உங்கள் முகத்தைத் திரும்பிப் பார்ப்பது வேறு வகை. இரண்டாவதில் குழந்தை எதையும் கேட்கவில்லை. தான் கண்டதை உங்கள் மனத்திலும் வைக்கப் பார்க்கிறது. பேச்சின் வேர் இதுதான். ஏறத்தாழ ஒரு வயதில் இது தொடங்கிவிடும். அதேபோல், வெறும் சொப்பிலிருந்து பொம்மைக்குச் சோறு ஊட்டுகிறாளா, சீப்பைக் காதில் வைத்துப் போன் பேசுகிறாளா என்றும் பாருங்கள். தம் மூன்று குழந்தைகளையும் அருகிருந்து கவனித்துக் குறிப்பெடுத்த சுவிட்சர்லாந்து அறிஞர் ழான் பியாஜே, ஒன்றரை வயதுக்கும் 2 வயதுக்கும் இடையில் குழந்தையின் சிந்தனை கண்ணெதிரே இருப்பதைத் தாண்டிப் போவதை இத்தகைய விளையாட்டில்தான் கண்டார். ஒன்றை இன்னொன்றாகக் கொள்ளத் தெரிந்தால்தான் ஓர் ஒலியை ஒரு பொருளாகக் கொள்ள முடியும். இவை இரண்டும் அவளிடம் இருந்து, சொல்வதும் புரிகிறதென்றால், சொல் பின்னால் வந்து சேரும் வாய்ப்பு அதிகம். கையைப் பிடித்து இழுப்பது மட்டுமே இருந்து, விரல் நீட்டலும் முகம் பார்த்தலும் இல்லையென்றால், 2 வயது ஆகட்டும் என்று காத்திராமல் குழந்தை மருத்துவரிடம் இப்போதே சொல்லுங்கள். கற்ற சொற்களை மறந்துவிட்டாலும் அப்படியே.

உங்கள் கணவருக்கும் ஒரு வார்த்தை. அவருக்கு இயல்பாக வரும் மொழி எதுவோ அதில் பேசட்டும். யோசித்து யோசித்துப் பேசும் மொழியில் உரையாடல் சுருங்கி, 'வாட் இஸ் திஸ்?' என்னும் பரீட்சையாகிவிடும். அவள் 'காக்கா' என்றால், "ஆமாம், காக்கா பறந்து போச்சு" என்று ஒன்றிரண்டு சொல் கூட்டித் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சற்றே காத்திருங்கள். அவள் முறை வருவதற்கு நாம் நினைப்பதைவிட அதிக நேரம் பிடிக்கும்.

வசம்பைச் சுட்டு நாக்கில் தடவச் சொல்லியும், நாக்கு ஒட்டியிருக்கிறது என்றும் உறவினர் வருவார்கள். வசம்பு வேண்டவே வேண்டாம். நாக்கின் அடி ஒட்டியிருந்தால் சில ஒலிகள் பிசகலாமே தவிர, சொற்கள் குறைவதற்கு அது காரணமாவதில்லை.

2 வயதில் ஏறத்தாழ 50 சொற்களும், 'அம்மா வா' போன்ற இரண்டு சொல் கோவைகளும் எதிர்பார்க்கப்படும். அதற்கு இன்னும் 4 மாதம் இருக்கிறது. செவித்திறன் சோதனைக்கு மட்டும் காத்திருக்கக் கூடாது. கதவு தட்டினால் திரும்பிப் பார்க்கிறாளே என்பது போதாது. அடிக்கடி சளி பிடித்து நடுச்செவியில் நீர் கோத்திருந்தாலும் பேச்சின் நுண்ணொலிகள் சரியாகக் கேட்காமல் போகும். உட்செவி ஒலிக்கு எதிரொலிக்கிறதா என்று பார்க்கும் ஓ.ஏ.இ., ஒலி செவி நரம்பு வழியே மூளைக்குப் போய்ச் சேர்கிறதா என்று பார்க்கும் பெரா ஆகிய சோதனைகள் அரசு மருத்துவமனைகளோடு இணைந்து இயங்கும் மாவட்ட ஆரம்ப நிலை இடையீட்டு மையத்தின் வழியாகக் கட்டணமின்றிக் கிடைக்கும். பெரா பெரும்பாலும் குழந்தை உறங்கும்போது செய்யப்படுவது. ஆகவே மதியத் தூக்க வேளையாகப் பார்த்து நேரம் கேளுங்கள். மாமியாரையும் அழைத்துச் செல்லுங்கள். அங்கே கேட்கப்படும் கேள்விகளில் பாதிக்கு விடை அவரிடம்தான் இருக்கும்.