வாதம் வருகிறது, கேள்வி வரவில்லை

கேள்வி: கோவையில் சட்டம் இறுதியாண்டு படிக்கிறேன். மாதிரி நீதிமன்றப் போட்டிகளில் இருமுறை பரிசு பெற்றும், வகுப்பில் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யச் சொன்னபோது மூன்றாவது கேள்வியிலேயே தடுமாறினேன். எப்படிப் பயில்வது?
- சட்ட மாணவி, கோபிசெட்டிபாளையம்

பதில்: அந்தப் போட்டிகள் பெரும்பாலும் மேல்முறையீட்டு வாதத்தை ஒட்டியவை, சங்கதிகள் முன்பே முடிவாகியிருக்கும், சட்டத்தை எடுத்துரைத்தால் போதும். விசாரணை நீதிமன்றத்திலோ சங்கதியே சாட்சியின் வாயிலிருந்துதான் வரவேண்டும். நீங்கள் தடுமாறியதைவிட, அந்தப் பயிற்சி உங்களுக்கு இத்தனை தாமதமாகக் கிடைத்ததே எனக்கு வருத்தம்.

நண்பர்கள் நால்வரைச் சேர்த்து, நீங்களே ஒரு வழக்கை எழுதிக்கொள்ளுங்கள். தோட்டத்துக் கிணற்று மேட்டில் இரவில் அடிதடி. மோட்டார் அறை விளக்கு வெளிச்சத்தில் எதிரியை, அதாவது குற்றம் சாட்டப்பட்டவரை, பார்த்ததாகச் சாட்சி கூண்டில் சொல்கிறார், போலீஸ் விசாரணையில் தந்த வாக்குமூலத்தில் விளக்கைப் பற்றிய பேச்சே இல்லை. குறுக்கு விசாரணையில் பதிலை உள்ளடக்கிக் கேட்கச் சட்டம் இடம் தருகிறது. ஆகவே, கேள்விக்கு ஒரே சங்கதியாக, ‘இரவு எட்டு மணி இருக்கும்?’, ‘அன்று அமாவாசை?’, ‘விளக்கு எரிந்ததாகப் போலீசாரிடம் சொல்லவில்லை?’ என்று நகர்ந்து, அங்கேயே நிறுத்திவிடுங்கள். ‘அப்படியானால் ஆளை எப்படி அடையாளம் கண்டீர்கள்?’ என்று ஆசைப்பட்டுக் கேட்டால், ‘சின்ன வயசிலிருந்து பழகின குரலுங்க’ என்று பதில் வரும். பட்ட பாடு அத்தனையும் வீண்.

‘போலீசாரிடம் சொன்னேன்’ என்று அவர் சாதித்தால் மல்லுக்கட்ட வேண்டாம். சாட்சி அப்படிச் சொல்லவில்லை என்பதைப் பின்னர் புலனாய்வு அதிகாரியின் வாயால் பதிவாக்க வேண்டும். முக்கியமான விடுபடலும் முரண்பாடாகலாம் என்பதற்கு, குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 181ஆம் பிரிவிலுள்ள விளக்கத்தைப் படியுங்கள்.

பயிற்சியைத் தமிழிலேயே செய்யுங்கள். நம் கீழமை நீதிமன்றங்களில் சாட்சியம் தமிழில் பதிவாகிறது. நண்பர் ஒருவர் நீதிபதியாக அமர்ந்து, உங்கள் கேள்வியையும் சாட்சியின் மறுப்பையும் ஒரே வரியாக்கி, ‘விளக்கு எரியவில்லை என்று சொன்னால் சரியல்ல’ என்ற நடையில் எழுதட்டும். கேள்வி குழம்பினால் அந்த வரியும் குழம்பும். உங்கள் தரப்புச் சாட்சியை நீங்களே கேட்கும் முதல் விசாரணையில் அவர் ‘பொழுதோட பார்த்தனுங்க’ என்றால், நமக்கு அது மாலை வேளை. வெளியூரிலிருந்து வந்த நீதிபதிக்கு விளங்காமல் போகலாம் என்பதால், எத்தனை மணி என்று அப்போதே கேட்டுப் பதிவாக்குங்கள்.

இந்திய பார் கவுன்சில் வகுத்த பாடத்திட்டத்தில், உரிமையியல் ஒன்று, குற்றவியல் ஒன்று என இரு வழக்குகளின் விசாரணையைக் கவனித்து எழுத 30 மதிப்பெண் உண்டு. ஒரே நாள் அமர்ந்து எழுதி முடித்துவிடாமல், வாய்தா தேதியைக் குறித்துக்கொண்டு, முதல் விசாரணையில் பார்த்த அதே சாட்சியின் குறுக்கு விசாரணைக்கும் போய் அமருங்கள்.