வளரும் தொழில்நுட்பங்கள்: பல துறைகள் சேர்ந்து நடத்தும் பாடம் (கேள்வி பதில்)

தன்னாட்சிக் கல்லூரிகளில் எல்லாத் துறை மாணவரும் எடுக்கும் விருப்பப்பாடத்தை வடிவமைப்பவர்கள் கேட்டவை.

கேள்வி: மேடம், 3 கிரெடிட், 45 மணி நேரம். ஏஐ, பிளாக்செயின், ஐஓடி, ட்ரோன், மரபணுத் திருத்தம் என யூனிட்டுக்கு ஒன்றாகப் பிரித்திருக்கிறோம். சரியா?

பதில்: வேண்டாம். 9 மணி நேரத்தில் பிளாக்செயினும் புரியாது, அதைப் பற்றி என்ன கேட்க வேண்டும் என்பதும் புரியாது. நாடு தடுமாறிய ஒரு முடிவை எடுத்துக்கொள்ளுங்கள். நான் எடுப்பது பிடி (Bt) கத்தரி, அதாவது காய்ப்புழுவைத் தடுக்க மண் பாக்டீரியாவின் மரபணுவைச் சேர்த்த கத்தரி. கோவை வேளாண் பல்கலைக்கழகத்துக்கும் அதில் பங்கு உண்டு. 2009 அக்டோபரில் மத்திய அரசின் மரபணுப் பொறியியல் ஒப்புதல் குழு அதற்கு ஒப்புதல் தந்தது. அப்போதைய மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் 7 நகரங்களில் மக்கள் கருத்தைக் கேட்டு, 2010 பிப்ரவரியில் நிறுத்திவைத்தார். வங்கதேசம் 2013-ல் அனுமதித்தது. அந்த மரபணு தரும் புரதம் காய்ப்புழுவின் குடலில் என்ன செய்கிறது என்று உயிரியல் ஆசிரியர் சொல்லட்டும். பூச்சிமருந்துச் செலவைப் பொருளியல்காரர் கணக்கிடட்டும். விதை யாருக்குச் சொந்தம் என்பதைச் சட்டம் படித்தவர் எடுக்கட்டும். இருவராவது ஒரே வகுப்பில் சேர்ந்து நிற்க வேண்டும்; ஆளுக்கொரு வாரம் வந்துபோனால் அது பல துறைப் பாடம் ஆகாது.

கேள்வி: எந்த மென்பொருளைப் பாடத்திட்டத்தில் சேர்க்கலாம்?

பதில்: எதையும் பெயர் சொல்லிச் சேர்க்காதீர்கள். அடுத்த ஆண்டு அதை மாற்ற பாடத்திட்டக் குழு, கல்விக் குழு என்று மறுபடி ஏறி இறங்க வேண்டும்.

கேள்வி: பைத்தான் மட்டுமாவது?

பதில்: மேலே சொன்னதேதான். ஆய்வகக் குறிப்பேட்டில் எழுதுங்கள்.

கேள்வி: கிரெடிட் மாற்றத்துக்கு என்ன படிவம்?

பதில்: தேர்வுக் கட்டுப்பாட்டாளர் அலுவலகத்தில் கேளுங்கள்.

கேள்வி: பிடி கத்தரி 2010-லேயே முடிந்த கதை. இதில் என்ன ‘வளரும்’ தொழில்நுட்பம்? பிள்ளைகள் வேலைக்குத்தானே வருகிறார்கள்?

பதில்: முடியவில்லை சார். வேறு உயிரின் மரபணுவைச் சேர்க்காமல், பயிரின் சொந்த மரபணுவையே திருத்திய பயிர்களுக்கு 2022 மார்ச்சில் மத்திய அரசு பழைய விதிகள் பலவற்றிலிருந்து விலக்கு அளித்தது. 2025 மே மாதம் அப்படிப்பட்ட இரண்டு நெல் ரகங்களை அறிவித்தது. கத்தரிக்கு வைத்த அளவுகோல் நெல்லுக்கு ஏன் இல்லை? விதையியலும் சட்டமும் சேராமல் இதற்கு விடை கிடைக்காது. தொழில்நுட்பம் புதிதாக இருக்கும்போது அதன் விளைவு தெரியாது. விளைவு தெரியவரும்போது அதைத் திருப்புவது கடினம் என்று தொழில்நுட்பக் கொள்கை ஆய்வாளர் டேவிட் காலிங்ரிட்ஜ் 1980-ல் எழுதினார். அந்தச் சிக்கலைக் கையில் கொடுப்பதுதான் இந்தப் பாடம். வேலைத் திறனுக்குத் தமிழக அரசின் ‘நான் முதல்வன்’ திட்டம் 2022 முதல் இருக்கிறது. அதையே இங்கும் நடத்தினால் மாணவரின் 3 கிரெடிட் வீண்.

கேள்வி: அப்படியானால் ஏஐ வேண்டவே வேண்டாமா?

பதில்: தாராளமாக எடுங்கள், ஒரே ஒரு முடிவைச் சுற்றி. யூனிட்டுக்கு ஒன்று வேண்டாம் என்பதை மறுபடி சொல்ல வைக்காதீர்கள்.

கேள்வி: இரண்டு ஆசிரியர் நின்றால் பணிப்பளு யாருக்கு?

பதில்: இங்கேதான் பல பாடங்கள் நின்றுபோகின்றன. இருவருக்கும் முழு மணி நேரம் கணக்கில் வரும் என்று பருவம் தொடங்குமுன் கல்லூரி முதல்வரிடம் எழுத்தில் வாங்குங்கள். வாய்வார்த்தை போதாது.

கேள்வி: தேர்வு?

பதில்: நெல் விலக்கு சரியா என்று அமைச்சருக்கு இரண்டு பக்கக் குறிப்பு. அறிவியல் மாணவரும் கலை மாணவரும் ஜோடியாக எழுத வேண்டும். மதிப்பெண் இருவருக்கும் ஒன்றே.