சாப்பாட்டுக்கு அடிக்ட் ஆக முடியுமா, இல்ல அது வெறும் பழக்கமா?

வயிறு நிறைஞ்ச பிறகும் கை நிக்க மாட்டேங்குது, இது அடிக்‌ஷனான்னு கேட்டிருக்கீங்க. முதல்ல ஒண்ணு சொல்லிடறேன், இது உங்க மன உறுதி குறைச்சல் இல்ல, தயவுசெஞ்சு அப்படி நினைக்காதீங்க. 2013-ல வந்த டிஎஸ்எம்-5 மனநல கையேட்டுல உணவு அடிக்‌ஷன்னு தனி நோய் கிடையாது, ஆனா கட்டுப்பாடே இல்லாம சாப்பிடுற பிஞ்ச் ஈட்டிங் டிஸார்டர் இருக்கு.

சர்க்கரையும் கொழுப்பும் சேர்ந்த ஐட்டம் வாயில பட்டதும் மூளைல டோபமைன்ங்கிற, 'இன்னும் வேணும்'னு தூண்டுற ரசாயனம் சுரக்குது, அதே நேரம் அதே இடம்னு திரும்பத் திரும்ப சாப்பிட்டா அப்புறம் பசியே வேணாம், டிவி முன்னாடி உக்காந்தாலே மனசு அதைத் தேட ஆரம்பிச்சிடும். 2019-ல அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்துல 20 பேருக்கு ரெண்டு வாரம் ஃபேக்டரில தயாரான சாப்பாடு, ரெண்டு வாரம் சாதாரண சாப்பாடு கொடுத்துப் பாத்தாங்க. முன்னாடி வச்ச தட்டுல கலோரி, சர்க்கரை, கொழுப்பு எல்லாம் சமமா இருந்தும், எவ்வளவு வேணுமோ சாப்பிடுங்கன்னு விட்டப்போ ஃபேக்டரி சாப்பாட்டு நாட்கள்ல தினம் சுமார் 500 கலோரி அதிகமா உள்ள போச்சு.

எனக்கு ரொம்ப வருத்தமான விஷயம் என்னன்னா இதுக்கு பயந்து பகல் முழுக்க பட்டினி கிடக்குறது, அதனாலயே ராத்திரி வெறி இன்னும் ஜாஸ்தியாகுது, அப்புறம் குற்ற உணர்ச்சி, மறுநாள் திரும்ப பட்டினி. நேரத்துக்கு சாப்பிடுங்க, நல்லா தூங்குங்க. வாரத்துல ஒரு தடவையாவது கட்டுப்பாடு இழந்து சாப்பிடுறது மூணு மாசமா தொடருதுன்னா டாக்டர்கிட்ட போங்க, இதுக்கு கவுன்சலிங் நல்லாவே உதவுது.