ஜூலைல அம்மாவோட மாலத்தீவுல உள்ள மாஃபுஷி தீவுக்கு போறது சேஃபா?

சகோ, அம்மாவுக்கு முதுகு வலி, நீச்சலும் தெரியாதுன்னு எழுதியிருக்கீங்க, அதனால மாலத்தீவுல திருட்டு பயத்த விட கடலப் பத்தி கவலப்படுங்க. ஜூலை தென்மேற்கு பருவக்காத்து சீசன், அலை ஜாஸ்தியா இருக்கும், ஸ்பீட்போட்ல முன்னாடி உக்காந்தா தூக்கி தூக்கி அடிக்கும், அம்மாவ கண்டிப்பா பின்சீட்ல உக்கார வைங்க. தலைநகர் மாலேலருந்து அரசு ஃபெரி (பெரிய பயணிகள் படகு) இருக்கு, ஒன்றரை மணி நேரம் ஆகும் ஆனா குலுக்கல் கம்மி, வெள்ளிக்கிழமை மட்டும் ஓடாது.

ஸ்நார்க்லிங் (மாஸ்க்கும் மூச்சுக்குழாயும் போட்டு தண்ணி மேல மிதந்து மீன் பாக்குறது) நீங்க போனாலும் தனியா போகாதீங்க. பவளப்பாறை முடியுற இடத்துல, ரெண்டு பாறைக்கு நடுவுல உள்ள கால்வாய்ல நீரோட்டம் ரொம்ப பலமா இழுக்கும், அத எதிர்த்து நீந்தி களைச்சுப்போறதுதான் ஆபத்து, பக்கவாட்டுல விலகி வாங்க, முடியலன்னா மிதந்துகிட்டே கையத் தூக்கி படகுக்காரங்கள கூப்பிடுங்க. லைஃப் ஜாக்கெட்ட கழட்டவே வேணாம். கரைல நடக்க ரப்பர் ஷூ வாங்கிக்கோங்க, கல்மீன் (கல்லு மாதிரியே கிடக்குற விஷ மீன்) முள் குத்துனா வலி தாங்காது.

அப்பாவுக்குன்னு டியூட்டி ஃப்ரீல சரக்கு பாட்டில் வாங்கிட்டு போக வேணாம், மாலத்தீவு ஏர்போர்ட்லயே அத புடுங்கி வச்சுக்குவாங்க, திரும்பும்போதுதான் கிடைக்கும். மாத்திரைக்கு டாக்டர் சீட்டு அவசியம். ஆம்புலன்ஸ் 102, போலீஸ் 119, இப்பவே சேவ் பண்ணிடுங்க.